கொல்லையில் தேங்கும் மழைத்தண்ணீர்: ஆளைத் தேடும் முன் மட்டத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – கட்டடப் பொறியாளர் பதில்

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன். சொந்த வீடு. பின்னால் 40 அடி நீளம், 30 அடி அகலத்தில் கொல்லை. கனமழை பெய்தால் வீட்டின் பின்சுவரை ஒட்டிக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்குகிறது, வடிய இரண்டு நாள் ஆகிறது. பின்னறைச் சுவரில் ஓர் அடி உயரம் வரை ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது.

மூன்று பேரை வரவழைத்துக் காட்டியிருக்கிறார். முதலாமவர், கொல்லையின் மூன்று பக்கமும் 100 அடிக்குப் பள்ளம் தோண்டித் துளைக் குழாய் போட்டு ஜல்லி நிரப்பலாம் என்கிறார். இரண்டாமவர், ஓர் அடி மண் கொட்டி மேலே கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார். மூன்றாமவர், மாமனாருக்கு வெகுநாள் பழக்கமான மேஸ்திரி. நடுவில் 4 அடி விட்டத்தில் 6 அடி ஆழத்துக்கு உறிஞ்சுகுழி எடுத்து உடைகல் நிரப்பினால் போதும் என்கிறார். மூவரில் இவர் கேட்கும் தொகைதான் குறைவு. ஆனால் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார், "எழுத்தெல்லாம் எதுக்கும்மா, நான் எங்க ஓடிப் போயிடப் போறேன்" என்கிறார். தாழ்வான பக்கம் உள்ள பக்கத்து வீட்டுக்காரர், "என் பக்கம் ஒரு சொட்டு வரக்கூடாது" என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டார். பக்கவாட்டுச் சந்து வழியாக முன்தெரு மழைநீர் வடிகால் வரை 70 அடி தூரம்.

வாசகி கேட்பது: மூவரில் யாரிடம் வேலையைக் கொடுப்பது? தெரிந்தவரிடம் எழுதி வாங்கினால் மரியாதைக் குறைவாகாதா? எதற்கு இத்தனை குழப்பம், பெரிய குழாயாக ஒன்று போட்டுவிட்டால் போதாதா?

இனி உங்களிடமே பேசுகிறேன்.

இப்போதைக்கு மூவரில் யாரிடமும் கொடுக்காதீர்கள். மூவருமே தங்களுக்குப் பழகிய வேலையைச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் தண்ணீர் எங்கே போய்ச் சேரும், அந்த இடம் உங்கள் கொல்லையைவிட எத்தனை அங்குலம் தாழ்வு என்று ஒருவரும் அளந்து சொல்லவில்லை. அந்த ஓர் எண் இல்லாமல் தரப்படும் மதிப்பீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஊகம்தான். மூன்று வெவ்வேறு வேலைகளின் தொகையை அருகருகே வைத்து எது குறைவு என்று பார்ப்பதிலும் பொருளில்லை. முதலில் வேலை இன்னதென்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். பிறகு அதே வேலைக்கு மூவரிடமும் விலை கேட்கலாம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கூரையின் பின்பாதி, சுமார் 800 சதுர அடி, இரண்டு குழாய்கள் வழியாகப் பின்சுவர் அடியிலேயே விழுகிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே முக்கியமான வரி அது. 800 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குலம் மழை பெய்தால் ஏறத்தாழ 1,900 லிட்டர் தண்ணீர். அத்தனையும் சுவரோரம் இரண்டே இடங்களில் கொட்டுகிறது. கொல்லையைத் தொடுவதற்கு முன், அந்த இரண்டு குழாய்களின் வாயிலும் ஒரு வளைவு மாட்டி, சுவரைவிட்டு 10 அடி தள்ளித் தண்ணீர் விழும்படி தற்காலிகக் குழாய் இழுத்து விடுங்கள். அரைநாள் வேலை. அடுத்த இரண்டு மழையில் சுவரோரத் தேக்கம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் குறைந்துவிட்டால், 100 அடிப் பள்ளம் உங்களுக்குத் தேவையே இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து, தேங்கும் இடத்துக்குப் பக்கத்தில் 2 அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டிப் பாருங்கள். மழை விட்ட மறுநாள் செய்ய வேண்டும், மேலே நிற்கும் தண்ணீர் குழிக்குள் வழியாமல் சுற்றிலும் சிறு வரப்பு கட்டிக்கொள்ள வேண்டும். மேலே தண்ணீர் நிற்க, குழிக்குள் மண் வெறும் ஈரமாக மட்டும் இருந்தால் மேல்மண் இறுகிப்போய்த் தண்ணீரை உள்ளே விடவில்லை என்று பொருள். அப்படியானால் இது மேல்தண்ணீர்ப் பிரச்சினை, வாட்டம், அதாவது சரிவு கொடுத்து வெளியேற்ற வேண்டும். குழிக்குள் பக்கவாட்டிலிருந்தோ அடியிலிருந்தோ தண்ணீர் ஊறி நிரம்பினால் நிலத்தடி நீர் மேலே இருக்கிறது. துளைக் குழாயும் ஜல்லியும் அந்த நிலைக்குத்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான வடிகால் வேலைகள் காசு செலவழித்தும் பயனில்லாமல் போகின்றன.

மண் எவ்வளவு உறிஞ்சும் என்பதற்கும் சோதனை உண்டு. நிலம் காய்ந்திருக்கும்போது ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் குழி எடுத்து நிறையத் தண்ணீர் ஊற்றி முழுதும் வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் குறியிட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். முதல் முறை இறங்கும் வேகத்தை நம்ப வேண்டாம், காய்ந்த மண் ஆசையாகக் குடிக்கும். இரண்டாம் முறை மணிக்கு அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் உறிஞ்சுகுழி யோசனையைக் கைவிட்டுவிடலாம்.

மூன்று யோசனைகளும் எங்கே இடிக்கின்றன?

உறிஞ்சுகுழியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் மனம் அங்கேதான் சாய்ந்திருக்கிறது. 4 அடி விட்டம், 6 அடி ஆழம் என்றால் மொத்தக் கொள்ளளவு 75 கன அடி, அதாவது சுமார் 2,100 லிட்டர். ஆனால் உள்ளே கல் நிரப்பிவிட்டால் கற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம் ஏறக்குறைய 40 சதவீதம்தான். ஆக அந்தக் குழி பிடிப்பது 850 லிட்டருக்குள். ஓர் அங்குல மழையில் உங்கள் கூரையிலிருந்து மட்டும் வருவது 1,900 லிட்டர். மழை பெய்யும்போதே மண் உறிஞ்சிக்கொண்டிருந்தால் சமாளிக்கும். தேங்கிய தண்ணீர் இரண்டு நாள் வடியாத மண்ணில் அது நடக்காது. குழி நிரம்பி வழியும், அவ்வளவே. உறிஞ்சுகுழி கட்டடத்திலிருந்து குறைந்தது 15 அடியாவது தள்ளி இருக்க வேண்டும், அதன் அடிமட்டம் மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கு 3 அடி மேலே இருக்க வேண்டும். 30 அடி அகலக் கொல்லையின் நடுவில் எடுத்தால் குழியின் விளிம்பு சுவரிலிருந்து 13 அடியில்தான் நிற்கும். இன்னொன்று: 5 அடிக்கு மேல் ஆழமான குழிக்குள் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்கக் கூடாது. ஈர மண் சரிந்தால் மேலே ஏற நேரம் கிடைக்காது. எப்படி முட்டுக் கொடுப்பார் என்று மேஸ்திரியைக் கேட்டீர்களா?

மண் கொட்டிக் கான்கிரீட் போடுவது மூன்றிலும் ஆபத்தானது. உங்கள் சுவரில் ஏற்கெனவே ஓதம் ஏறுகிறது. வீட்டின் உள்தரை மட்டத்துக்குச் சற்றுக் கீழே சுவருக்குள் டி.பி.சி. என்ற ஈரத்தடுப்பு அடுக்கு இருக்கும். வெளி மண் அதற்கு 6 அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். ஓர் அடி மண்ணைக் கொட்டினால் மண் அந்த அடுக்கைத் தாண்டிச் சுவரைத் தொடும், ஈரம் நேராக உள்ளே வரும். மேலே கான்கிரீட் போட்டால் மண் கொஞ்சமாவது குடித்துக்கொண்டிருந்த தண்ணீரும் குடிக்கப்படாமல் ஓடும். எங்கே ஓடும்? தாழ்ந்த பக்கம், பக்கத்து வீட்டுக்கு.

முதலாமவர் சொல்வது தவறான வேலை அல்ல. தோண்டிப் பார்த்த குழியில் தண்ணீர் ஊறினால் அவர் சொல்வதுதான் சரி. ஆனால் மேல்தண்ணீரை ஜல்லிக்குள் இறக்கி, துளைக் குழாயில் பிடித்து, பிறகு வெளியேற்றுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. கூரைக் குழாய்களையும் அந்தத் துளைக் குழாயிலேயே சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கூரைத் தண்ணீர் துளைகள் வழியாக வெளியேறி, வெளியேற்ற நினைத்த மண்ணையே நனைக்கும். கூரைத் தண்ணீருக்குத் துளையில்லாத தனிக் குழாய் வேண்டும்.

அந்த ஓர் எண்ணை நீங்களே அளக்கலாம்

80 அடி நீளத்துக்கு, கையின் சுண்டுவிரல் தடிமனில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூப் வாங்குங்கள். கொத்தனார்கள் டியூப் லெவல் என்று சொல்லும் அதே பொருள்தான். ஒரு வாளித் தண்ணீரிலிருந்து மெல்ல உறிஞ்சி நிரப்புங்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. சின்னக் குமிழி இருந்தாலும் அளவு பொய் சொல்லும். கொல்லையில் மிகத் தாழ்வான இடத்தில் ஒரு கம்பை நட்டு, அதில் ஒரு முனையைப் பிடித்து நீங்கள் நில்லுங்கள். இன்னொருவர் மறுமுனையைத் தெரு வடிகால் ஓரம் நட்ட கம்பில் பிடிக்கட்டும். தண்ணீர் அசையாமல் நின்றதும் இரு கம்புகளிலும் அதன் மட்டத்தைக் குறியுங்கள். இரு குறிகளும் ஒரே மட்டம். கொல்லைக் குறியிலிருந்து தரைவரை எவ்வளவு, தெருக் குறியிலிருந்து வடிகாலின் அடிவரை எவ்வளவு என்று அளந்து கழித்தால் தாழ்வு கிடைத்துவிடும். இரண்டு முனைகளையும் மாற்றிப் பிடித்து இன்னொரு முறை பாருங்கள், கால் அங்குலத்துக்குள் ஒத்துவர வேண்டும்.

அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடலாம். குழாய்க்கு மேல் 6 அங்குல மண் மூடல், குழாயின் விட்டம் 4 அங்குலம், ஆக தொடக்கத்தில் குழாயின் அடி 10 அங்குலம் கீழே. நூறுக்கு ஒன்று வாட்டம் என்றால் 70 அடிக்கு இறக்கம் 8.4 அங்குலம். வெளியேறும் இடத்தில் குழாயின் அடி 18.4 அங்குலம் கீழே இருக்கும். தெரு வடிகாலின் அடி அதற்கும் கீழே இருக்க வேண்டும். மழையில் அந்த வடிகால் எவ்வளவு நிரம்பி ஓடுகிறது என்பதும் முக்கியம். குழாய் வாய் தண்ணீருக்குள் மூழ்கினால் வடிவது நின்றுபோகும், சில சமயம் தெருத் தண்ணீர் கொல்லைக்கே திரும்பி வரும். மூழ்குமென்று தெரிந்தால் வாயில் ஒருவழி வால்வு அவசியம். அப்போதும் வடிகால் இறங்கும்வரை உங்கள் தண்ணீர் காத்திருக்கத்தான் வேண்டும்.

தாழ்வு போதவில்லையா? 14, 15 அங்குலம்தான் கிடைக்கிறது என்றால் குழாயைவிட்டு, மேலே கம்பிச் சல்லடை போட்ட ஆழமில்லாத திறந்த கால்வாயாகக் கட்டலாம். அதற்கு மண் மூடல் தேவையில்லை என்பதால் அந்த 6 அங்குலம் மிச்சம். அதற்கும் வழியில்லை என்றால்தான் தொட்டி கட்டி மிதவை சுவிட்சோடு பம்பு. பம்பு எனக்குப் பிடித்த தீர்வு அல்ல. அடைமழையில்தான் மின்சாரம் போகும், அன்றைக்குத்தான் பம்பும் தேவைப்படும்.

இப்போது பெரிய குழாய் பற்றி. நூறுக்கு ஒன்று வாட்டத்தில், உட்புறம் வழவழப்பான 4 அங்குலக் குழாய் நொடிக்கு ஆறரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொண்டுபோகும். உங்கள் 800 சதுர அடிக் கூரையும் 1,200 சதுர அடிக் கொல்லையும் சேர்ந்து, மணிக்கு 4 அங்குலம் என்ற பேய்மழையில் தருவது நொடிக்கு 5 லிட்டர் சொச்சம். போதும். வாட்டம் இருநூறுக்கு ஒன்றாகக் குறைந்தால் அதே குழாய் நொடிக்கு 4.7 லிட்டர்தான் கொண்டுபோகும், அப்போது 6 அங்குலத்துக்குப் போக வேண்டும். குழாயின் அளவு வாட்டத்தைப் பார்த்து முடிவாக வேண்டியது. வாட்டம் தலைகீழாக இருந்தால் எத்தனை பெரிய குழாயும் மண்ணுக்குள் படுத்திருக்கும் தொட்டிதான்.

எந்த வேலைக்கு விலை கேட்பது?

சோதனைக் குழியில் தண்ணீர் ஊறவில்லை, தெரு வடிகால் 20 அங்குலத்துக்கு மேல் தாழ்வு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பின்சுவரிலிருந்து வெளிநோக்கி முதல் 10 அடிக்கு 6 அங்குல இறக்கம். 40 அடி நீளத்துக்கு இதற்குத் தேவை சுமார் 100 கன அடி மண், திமிசு போட்டு இறுக்கிய பின் உள்ள அளவு இது. மணலோ கட்டட இடிபாடோ வேண்டாம், அவை தண்ணீரைச் சுவரடிக்கே வடிகட்டிக் கொடுக்கும். களி கலந்த மண்தான் சரி. சுவரோரம் மண்ணை உயர்த்தினால் டி.பி.சி.க்கு 6 அங்குலம் விடமுடியாது என்றால், உயர்த்தாமல் எதிர்ப்பக்கத்தை வெட்டித் தாழ்த்த வேண்டும். வேலை கூடுதல், ஆனால் வேறு வழியில்லை.

அந்த 10 அடிக் கோட்டில் 3 அடி அகலத்துக்குக் கிண்ணம்போல ஆழமற்ற ஓடை. ஓடையில் இரண்டு சேம்பர், அதாவது தண்ணீர் இறங்கும் சிறு தொட்டிகள், ஒவ்வொன்றும் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, மேலே இரும்புச் சல்லடை. வெளியேறும் குழாயின் அடியைவிடச் சேம்பரின் தரை 9 அங்குலம் கீழே இருக்க வேண்டும். மண்ணும் சருகும் அங்கே தங்கும், குழாய்க்குள் போகாது. மேஸ்திரிகள் பெரும்பாலும் சேம்பர் தரையையும் குழாய் அடியையும் ஒரே மட்டமாக வைத்துவிடுவார்கள், வண்டலெல்லாம் குழாய்க்குள் போய்விடும். கூரைக் குழாய் இரண்டும் துளையில்லாக் குழாய் வழியாக இந்தச் சேம்பர்களில் சேரட்டும்.

சேம்பரிலிருந்து தெரு வரை 70 அடிக்குக் கெட்டியான பி.வி.சி. குழாய், 20 அடி நீளமென்றால் 4 எண்ணிக்கை. நெளிநெளியாக வளையும் கருப்புக் குழாய் வேண்டாம். மலிவு, வேலையும் சுலபம், ஆனால் நேராகப் படுக்காது. தாழ்ந்த இடங்களில் தண்ணீர் நின்று வண்டல் படியும், கம்பி விட்டுக் குத்தினால் கிழியும். பள்ளம் ஓர் அடி அகலம், சராசரி ஒன்றரை அடி ஆழம், ஆக 105 கன அடி. தோண்டிய மண் உப்பிக் கால் பங்கு கூடும், 130 கன அடியை எங்கே குவிப்பது என்று முன்பே இடம் சொல்லுங்கள். அடியில் 3 அங்குல மணல் படுக்கை. வீட்டு மூலையில் திரும்பும் இடத்தில் ஒரே 90 பாகை வளைவு போடாமல் இரண்டு 45 பாகை வளைவுகள், பக்கத்தில் சுத்தம் செய்ய ஒரு திறப்பு. சந்தில் வண்டி ஏறும் என்றால் 6 அங்குல மூடல் போதாது. அந்த நீளத்துக்குக் குழாயைக் கான்கிரீட்டில் பொதியச் சொல்லுங்கள்.

சந்தில் தோண்டும்போது ஒரு கட்டுப்பாடு. வீட்டுக் கடைக்காலையோ சுற்றுச்சுவர்க் கடைக்காலையோ ஒட்டி, அவற்றின் அடிமட்டத்துக்குக் கீழே பள்ளம் போகக் கூடாது. சுற்றுச்சுவர்க் கடைக்கால் பெரும்பாலும் ஆழமே இருக்காது, ஒரு மழையில் சுவர் சாயும். குடிநீர்க் குழாய், மின்கம்பி, எரிவாயு, கழிவுநீர் எல்லாம் எந்த வழியில் போகிறது என்று சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுச் சுண்ணாம்பால் கோடு போட்ட பிறகே கடப்பாரை இறங்கட்டும். மழைத்தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் சேர்த்துவிடலாம் என்று யாராவது குறுக்குவழி சொன்னால் அவரை அத்தோடு அனுப்பிவிடுங்கள். அதைப் பெரும்பாலான இடங்களில் அனுமதிப்பதில்லை, கனமழையில் கழிவறை வழியே எதிர்த்து வரும். தெரு மழைநீர் வடிகாலில் சேர்க்கவும் உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். கேட்கப்போவது நீங்களா வேலைக்காரரா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

சோதனைக் குழியில் தண்ணீர் ஊறினால் மேற்சொன்னவற்றோடு ஜல்லி வடிகாலும் சேரும், ஆனால் மூன்று பக்கமும் அல்ல, தண்ணீர் வரும் மேட்டுப் பக்கம் மட்டும். 40 அடிக்கு, ஓர் அடி அகலம், 2 அடி ஆழம். பள்ளம் முழுவதற்கும் நெய்யாத வகை வடிகட்டித் துணி விரித்து, முக்கால் முதல் ஒன்றரை அங்குலம் வரை உள்ள கழுவிய ஜல்லி. ஒன்றரை அடி உயரத்துக்கு 60 கன அடி பிடிக்கும். ஜல்லிக்குள் வைக்கும் குழாயின் துளைகள் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். மேலே பார்த்து வைத்தால் குழாயின் உயரத்துக்குத் தண்ணீர் ஏறிய பிறகுதான் வடியத் தொடங்கும். துணியைக் குழாயில் மட்டும் சுற்றினால் அந்தச் சின்னப் பரப்பு சீக்கிரம் அடைபடும், பள்ளத்தின் சுவருக்கு விரித்து ஜல்லியின் மேல் மடித்து மூடுவதே சரி. துணிக்குப் பதில் சிமென்ட் சாக்கு போடுகிறவர்களும் உண்டு. வாங்கி வந்த துணியை வாளி வாயில் கட்டி ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள், உடனே இறங்க வேண்டும். ஜல்லியிலும் ஒரு கைப்பிடியைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் சேறாகிக் குவளையின் மறுபக்கம் தெரியவில்லை என்றால் அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

எழுத்தும் முன்பணமும்

எழுதி வாங்குவது அவநம்பிக்கை என்று நினைக்கிறீர்கள். தெரிந்தவரிடம்தான் அவசியம் எழுதி வாங்க வேண்டும். தெரியாதவரோடு தகராறு வந்தால் பணம் மட்டும்தான் போகும், இங்கே மாமனாரின் பழக்கமும் சேர்ந்து போகும். மாமனாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசுங்கள். "அண்ணே, நீங்க சொன்னதையேதான் எழுதிக்கிறேன், நாளைக்கு எனக்கே மறந்துடக் கூடாது. சரியா இருக்கான்னு படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் வேலை தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

இரண்டு பக்கம் போதும். கொல்லையின் படம், அதில் குழாய் போகும் வழி, தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் குழாய் அடியின் ஆழம். குழாயின் வகை, அளவு, நீளம். சேம்பர் எண்ணிக்கையும் ஆழமும். மிச்ச மண்ணை அப்புறப்படுத்துவது யார், உடைத்த தளத்தைத் திரும்பப் போடுவது யார். தொடங்கும் நாள், முடியும் நாள். பாறையோ பழைய குழாயோ குறுக்கிட்டால் கூடுதல் கூலி ஓர் அடிக்கு எவ்வளவு. நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத கூடுதல் வேலைக்குப் பணம் இல்லை என்ற ஒரு வரி. கூலியாட்களுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு, அதற்குக் காப்பீடு இருக்கிறதா என்பதும் இருக்க வேண்டும். பலரும் இதைக் கேட்கவே மாட்டார்கள், அடிபட்டவர் குடும்பம் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

பாதி முன்பணம் அதிகம். பொருள் வாங்கத்தான் பணம் வேண்டும் என்றால் குழாயையும் சல்லடையையும் நீங்களே கடையில் பணம் கட்டி இறக்கிக்கொள்ளுங்கள். முன்பணம் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஏழில் ஒரு பங்கு. பள்ளம் தோண்டி மட்டம் சரிபார்த்ததும் ஒரு தவணை, குழாய் போட்டுத் தண்ணீர்ச் சோதனை முடிந்ததும் பெரிய தவணை, மண் மூடித் தளம் போட்டதும் மீதி. பத்து சதவீதத்தை முதல் கனமழை வரை பிடித்து வைத்துக்கொள்வது நியாயமானது. அதற்கும் ஒரு கடைசித் தேதி எழுதுங்கள், மழை பெய்யாத ஆண்டில் அவர் பணம் உங்களிடம் முடங்கக் கூடாது.

மூடுவதற்கு முன்

இந்த வேலையில் பார்க்க வேண்டியதெல்லாம் மண் மூடும் முன்புதான். "நான் பார்க்காமல் மண் தள்ளக் கூடாது" என்பதையும் எழுத்தில் சேருங்கள். நேராகப் போகும் நீளத்தில் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் குனிந்து பாருங்கள். முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் குழாய் நேராகப் படுத்திருக்கிறது, பிறை நிலா மாதிரி தெரிந்தால் நடுவில் தொய்வோ மேடோ இருக்கிறது. 10 அடிக்கு ஒருமுறை குழாயின் முதுகில் டியூப் லெவலை வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு 10 அடிக்கும் 1.2 அங்குலம் இறங்க வேண்டும். பிறகு மேல் சேம்பரில் மூன்று நான்கு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி, தெருமுனையில் தடையில்லாமல் வருகிறதா, இணைப்புகளில் கசிகிறதா என்று பாருங்கள். அளவு நாடாவைப் பள்ளத்துக்குள் வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் குழாயைத் தேடித் தோண்டும்போதும் உதவும், தகராறு வந்தால் உங்கள் கையிலிருக்கும் சாட்சியும் அதுதான். மண்ணை 6 அங்குலம் 6 அங்குலமாகப் போட்டுத் திமிசு அடிக்கச் சொல்லுங்கள். மொத்தமாகத் தள்ளினால் முதல் மழையில் பள்ளம் உள்வாங்கி, அதிலேயே தண்ணீர் நிற்கும்.

வேலை சரியில்லை என்று தெரிந்தால் உடனே வேறு ஆளை வைத்துத் தோண்டிவிடாதீர்கள். என்ன குறை என்று எழுத்தில் சொல்லி, சரிசெய்ய ஒரு கெடு கொடுங்கள். அந்த வாய்ப்பைக் கொடுத்ததற்கு ஆதாரம் இருந்தால் பிறகு நுகர்வோர் மன்றமோ நீதிமன்றமோ எங்கே போனாலும் உங்கள் வழக்குக்கு வலு சேரும்.

பக்கத்து வீட்டுக்காரர்

அவர் சொல்வது பாதி சரி. மேட்டிலிருந்து இயல்பாகப் பள்ளத்துக்கு வழியும் மழைத்தண்ணீருக்குப் பல நாட்டுச் சட்டங்களிலும் மேட்டு நிலத்துக்காரர் பொறுப்பாவதில்லை. ஆனால் நிலத்தை உயர்த்தியோ, குழாய் வைத்து ஓரிடத்தில் கொட்டியோ அந்த ஓட்டத்தை அதிகமாக்கினால் பொறுப்பு உங்களுடையது. இரண்டாமவரின் கான்கிரீட்டை நான் வேண்டாம் என்பதற்கு இதுவும் காரணம். தண்ணீரைத் தெருவுக்குத்தான் கொண்டுபோகிறோம் என்று படத்தைக் காட்டி அவரிடம் முன்பே பேசிவிடுங்கள். அவர் பக்கத்துச் சுவரைத் தொடங்கும் முன் இருக்கும் விரிசல்களோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் பின்னறைச் சுவர். ஓதம் மழைக்காலத்தில் மட்டும் வந்து கோடையில் குறைகிறதா என்று கவனியுங்கள். ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருந்தால் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், வடிகால் போட்டு அது தீராது. மழையோடு வருகிற ஓதம்தான் என்றால், வடிகால் முடிந்த கையோடு பூச்சு பூசிவிடாதீர்கள். ஈரம் ஏறிய சுவர் காயப் பல மாதம் ஆகும். உதிரும் பூச்சை ஈரக் கோட்டுக்கு மேல் ஓர் அடி வரை கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லைத் திறந்தபடி விடுங்கள். வெள்ளையாகப் பூக்கும் உப்பைக் காய்ந்த தூரிகையால் அவ்வப்போது துடைத்தெடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். அடுத்த மழைக்காலம் முழுதும் சுவர் காய்ந்தே இருந்தால் அதன் பிறகு பூசுங்கள்.